தேர்த் தண்டும் தொடை எலும்பும்

அன்புள்ள அண்ணா,

மாதா கோயில் வாசலில் தேருக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குத் திருவிழா நினைவுக்கு வரவில்லை. இதே போல மருந்து நெடி மூக்கில் ஏறிய ஆஸ்பத்திரிப் பிணவறைதான் வந்தது.

நீ மீன்பிடிக்கப் போன படகு திரும்பாமல் ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிந்த பிறகு, காட்டுப்பள்ளிக் கரையில் எலும்புகள் கிடைத்ததாகச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள். அளவு குறித்த பலகையில் தொடை எலும்பைக் கிடத்தி, டாக்டரம்மா கணக்குப் போட்டார். "அஞ்சடி நாலு இருக்கலாம். ஒன்றரை அங்குலம் முன்னப்பின்ன. உங்க பையன் என்ன உயரம்மா?"

அம்மா, கூட வந்திருந்த மாமாவைப் பார்த்தாள். தேரின் தண்டுகளைத் தோளில் தூக்குகிறவர்களை உயரம் பார்த்து, நெட்டையர்களை முன்னாலும் குட்டையர்களைப் பின்னாலும் நிறுத்துகிறவர் அவர்தானே.

"அஞ்சடி ஏழு மேடம். முன்தண்டுல நெட்டையனுங்களோட சரிசமமா நின்னுகினு இருந்தான். நான்தான் நிறுத்துனேன்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "மாதாவே! இது என் புள்ள இல்ல. எங்கியோ உசுரோட கீறான். வாடி, வூட்டுக்குப் போலாம்."

டாக்டர் வற்புறுத்தவில்லை. உயரம் பொருந்தினால் அம்மாவின் ரத்தத்தை எடுத்து எலும்போடு ஒப்பிடலாம், இல்லாவிட்டால் வேறு குடும்பத்தைக் கூப்பிடுவோம் என்றார்.

நீ முன்தண்டுக்கு எட்டிய கதை எனக்கு மட்டும்தானே தெரியும்! மாமா சட்டையோடுதான் தோள் பார்ப்பார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் உன் வெள்ளைச் சட்டைத் தோளுக்குள் துண்டை மடித்து மடித்து வைத்துத் தைத்துக் கொடுத்தேன். "வெளிய சொன்னே, தொலைச்சுடுவேன். பின்னாடி தள்ளிட்டாங்கன்னா மானமே பூடும்" என்பாய். "போடா குள்ளா" என்று சிரித்தபடி நூலைப் பல்லால் கடிப்பேன். அம்மாவுக்கும் அந்தத் தேர் நாள் உயரம்தான் மனதில் நின்றுவிட்டது. பெற்ற பிள்ளையை யார் அளந்து பார்க்கிறார்கள்?

அம்மா வாசல்படியைத் தாண்டிவிட்டாள். டாக்டர் வெள்ளைத் துணியை எலும்புகள்மேல் இழுத்தார். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ பேரில்லாமல் எங்கேயோ புதைபட்டிருப்பாய்.

"மேடம், எங்கண்ணன் அஞ்சடி நாலுதான். தோள்ல துணி வச்சுத் தைச்சது நான்தான்."

அம்மா திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தாள். "பாவி, உங்கண்ணன நீயே கொல்றியேடி!"

ரத்தம் ஒத்துப்போனது. உன்னை அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். மாமா உன் பெட்டியின் தலைமாட்டைத் தானே தூக்கினார்.

அம்மா இப்போது என்னோடு பேசுகிறாள். நீ வருவாய் என்று அத்தனை மாதமும் தாழ் போடாமல் வைத்திருந்த வாசற்கதவை இப்போதெல்லாம் தாழ் போட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். செய்தது சரி என்று எனக்குத் தெரியும், அண்ணா. ஆனாலும் அந்தத் தாழ்ப்பாள் விழும்போதெல்லாம், உன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது நான்தான் என்று தோன்றுகிறது.