ராகுகாலமும் ஒரு கோடி ஈவென்ட்டும்

நவம்பர் 3, திங்கள்
எங்கள் பஞ்சாங்கச் செயலியின் தமிழ்ப் பகுதிக்கு இந்த மாதம்தான் கெடு. பயன்படுத்த ஆள் வராவிட்டால் 28-ஆம் தேதி கூட்டத்தில் மூடிவிடுவார்களாம். மலையாளப் பகுதியில் வேலை பார்க்க எட்டுப் பேர். தமிழுக்கு நான் ஒருத்தி. ஒன்றாம் தேதி முதல் ராகுகாலக் கடிகாரம் விட்டிருக்கிறோம் – ராகுகாலம் முடிய எவ்வளவு நேரம் என்று நொடி நொடியாகக் குறையும். என் யோசனை.

நவம்பர் 8, சனி
பயன்பாட்டு வரைபடத்தில் தமிழ் முதலிடம்! மேலாளர் ஹரிகுமார், "சேச்சி, தமிழ் அடிபொளி!" என்றான். கேன்டீனில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் அதிகம்தான்.

நவம்பர் 11, செவ்வாய்
காலையில் ஒரு மெயில். பயன்பாட்டைப் பதிவு செய்யும் எங்கள் அனலிடிக்ஸ் கணக்கில் எழுபது சதவீதம் தீர்ந்துவிட்டதாம். செயலியில் நடக்கும் ஒவ்வொன்றும் ஓர் ஈவென்ட். மாதத்துக்கு ஒரு கோடிதான் அனுமதி. அதைத் தாண்டினால் அடுத்த ஒன்றாம் தேதிவரை எதுவும் பதிவாகாது. பதினேழாம் தேதி விருச்சிகம் ஒன்று – நம் கார்த்திகை முதல் தேதி, மாலை போடும் நாள். மண்டல காலத்தில் கூட்டம் குவியும்போது நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வேண்டாத ஈவென்ட்டுகளை நிறுத்தும் பொறுப்பு எனக்கு. மத்தியானம்வரை முப்பத்தாறு வகையை வெட்டினேன். மிச்சமானது ஒரு சதவீதம். கீசரை ஓடவிட்டு, பூஜையறை பல்பை அணைத்த மாதிரி.

நவம்பர் 12, புதன்
அத்திம்பேரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அரை நாள் லீவு. வலியசாலையில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ தயார். அத்திம்பேர் செருப்புப் போட்டு, பையும் கையுமாக ரேழியில் நிற்கிறார். கண் முழுக்க போனில்.

"ஸ்மிதா, செத்த நில்லு. இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு, கேட்டியோ."

"பன்னெண்டு மணிலேர்ந்து இதே கோலம்," என்றாள் அக்கா. "கண்ணைக் காட்டப் போறதுக்குள்ள கண்ணே போயிடும் இவருக்கு!"

"நீ சும்மா இரு விஜயம். பாத்துண்டே இருந்தாதான் மனசு சமாதானம்."

அவர் கையிலிருந்தது என் கடிகாரம். நொடி குறைந்துகொண்டே இருந்தது. தொண்ணூறு நிமிடத்துக்கு எத்தனை நொடி என்று மனக்கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்தே அனூப்புக்குப் போன் செய்தேன் – நிரல் எழுதியது அவன்தான். "ஒவ்வொரு செகண்டும் ஓர் ஈவென்ட் போகுது சேச்சி. நீங்க சொன்னதல்லே?" அக்டோபரில் நான் எழுதிய மெயிலையும் அனுப்பினான். 'எண் மாறும் ஒவ்வொரு முறையும் பதிவாக வேண்டும்.'

என்ன நினைச்சு எழுதித் தொலைச்சேன்?

நவம்பர் 13, வியாழன்
கணக்கைப் பார்த்துவிட்டேன். தமிழ்ப் பகுதியின் எண்பத்து மூன்று லட்சம் ஈவென்ட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நானும் ஒருத்தி.

சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால்? எண்பத்து மூன்று அப்படியே நிற்கும். யாரும் கேட்க மாட்டார்கள். தமிழ்ப் பகுதி பிழைக்கும்.

கேட்டால்?

கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியுமே. சை.

நவம்பர் 14, வெள்ளி
சொல்லிவிட்டேன். ஹரிகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "எம்.டி.கிட்ட தமிழ் ஜனம் மொத்தம் நம்ம கையிலன்னு பறஞ்சுபோயி, சேச்சி. இருநூறு பேரா?"

"இருநூற்றுப் பன்னிரண்டு," என்றேன்.

இனி கடிகாரத்தைத் திறக்கும்போது ஒன்று, மூடும்போது ஒன்று. அவ்வளவுதான். தமிழ்ப் பகுதியின் வரைகோடு மலையுச்சியிலிருந்து விழுந்து தரையில் படுத்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்
விருச்சிகம் ஒன்று. மலையாளக் கூட்டம் மொத்தமும் பதிவாகிறது. ஒரு கோடிக்குள் இடம் போதும். எட்டுப் பேரும் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு.

நவம்பர் 28, வெள்ளி
கூட்டம். என் முறை வந்தபோது ஒரே ஒரு தாள்தான் காட்டினேன். இருநூற்றுப் பதினொரு பேர் – என்னைக் கழித்துவிட்டேன். ஒருமுறை திறந்தால் சராசரி ஐம்பத்தெட்டு நிமிடம்.

எம்.டி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நிமிஷமா, செகண்டா?"

"நிமிஷம், சார்."

"மலையாளத்தில்?"

ஹரிகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாற்பது செகண்ட்," என்றான்.

"ஒரு மணி நேரம் அவங்க அதில என்ன செய்யறாங்க?"

"காத்திருக்கறாங்க, சார்."

எம்.டி. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தமிழ்ப் பகுதிக்கு ஏப்ரல்வரை ஆயுள். மலையாளத்திலும் கடிகாரம் வைக்க உத்தரவு.

டிசம்பர் 1, திங்கள்
மலையாளக் கடிகாரத்துக்காக அனூப்புக்கு மெயில் எழுதினேன். நான்கே வரி. ஆறு தடவை படித்தேன்.

ஹரிகுமார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "திறக்க ஒண்ணு, மூட ஒண்ணு… இது மதியோ, போதுமோ சேச்சி? செகண்டுக்கு ஒண்ணுன்னா கிராஃப் நல்லா ஏறுமே."

திரும்பிப் பார்க்காமல் அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.