துரைசானியின் இரட்டை இலை

மாசி 20, ஞாயிறு

காலையில் தூறல். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம், வாசல் கூட்டி மாளவில்லை. ஞாயிறு, கிராணிக்கு ஆபீஸ் கணக்கெழுத்து இல்லை.

ஸ்டோருக்குப் பின்னால் இட்லிப்பூச் செடி. இரண்டு இலைகளை நூலால் ஒட்டி, நடுவில் குடித்தனம் நடத்தும் குதிக்கும் சிலந்தி. கறுப்பு உடம்பு, முதுகில் மின்னும் நீலப் பட்டை. ஆண் என்று நினைத்து ‘துரை’ என்று பெயர் வைத்திருந்தேன். இன்று பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே முட்டை! ஏழாவது வரை படித்தவனின் பூச்சி சாஸ்திரம் இவ்வளவுதான். இனி துரைசானி.

குஞ்சுகள் வெளிவருவதைப் பார்த்தே தீர வேண்டும். அதுவரை தாய் சாப்பிடுமா, பட்டினியா? தெரியாது.

பார்வதி: “சொந்தப் புள்ளைக்குப் பல்லு முளைச்சது தெரியல. சிலந்தி வீட்டு விசேஷம் மட்டும் தெரியுது.” உண்மை. இரண்டு பல்லாம்.

சாயங்காலம் ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடை காசிம் பாயைக் கூட்டிப்போய்க் காட்டினேன். இந்த ரெங்கம் ஊரில் நான் பூச்சி என்றால் சிரிக்காத ஒரே ஆள். “அட, தாயி கதவச் சாத்திக்கிட்டு இருக்கா!” என்றார். வெளியே சொல்லாதீர்கள், சிலந்திச் சண்டை விடத் தீப்பெட்டியில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றேன்.

“நம்ம ரெண்டு பேருக்குள்ள, கிராணி.”

மாசி 23, புதன்

துரைசானி சுகம். இலை விளிம்புக்கு வந்து என்னைப் பார்த்தாள். எட்டுக் கண், எதனால் பார்த்தாளோ. சோப்பு வாங்க வேண்டும். குடைக்கம்பி ஒடிந்துவிட்டது.

காசிம் பாய் தினமும் கேட்கிறார், “பெத்தாச்சா?” என்று. கேட்க ஓர் ஆள் இருப்பதே சுகம்.

மாசி 27, ஞாயிறு

செடி மொட்டை. இரட்டை இலை, அவளுடையது மட்டுமல்ல, ஒன்று விடாமல் பிய்த்துத் தரையில். முட்டைப் பை கிழிந்து, அதில் எறும்பு. அவளைக் காணோம்.

தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதட்டினேன். ஒரு பெண் அழுதேவிட்டாள். மனசு ஆறாமல் கடைக்குப் போனேன், காசிம் பாயிடம் சொல்லி அழலாம் என்று.

கடையில் கூட்டம். மேசை மேல் தீப்பெட்டிகள். நடுவில் இரண்டு சிலந்திகள், முன்னங்கால்களை விரித்துக்கொண்டு. “விடாதே, தள்ளு!” நீலப் பட்டை.

காசிம் பாய் என்னைப் பார்த்ததும் துண்டால் மேசையை மூடப் பார்த்தார். சண்டை நிற்கவில்லை.

“என்ன பாய் இது?”

“கோவிக்காதீங்க கிராணி. எதிர்க்கடைக்காரன் கிராமபோன் வச்சிருக்கான். நான் என்னத்த வைக்கிறது? சண்டைக்கு ஆம்பளயத்தான் எடுக்கச் சொன்னேன். பொம்பளயத் தொடச் சொல்லல.”

“பிச்சுப் பாத்தாத்தானே பாய் ஆம்பளையா பொம்பளையான்னு தெரியும்?”

“பூச்சிதானே கிராணி,” என்றது வேறு யாரோ. காசிம் பாய் அவனை அதட்டவில்லை.

வழி காட்டியது நான். பார்க்கக் கொடுத்த பூதக்கண்ணாடியும் என்னுடையது.

மாசி 28, திங்கள்

வெயில். அழுத பெண்ணுக்கு மிட்டாய் கொடுத்தேன். “நான் எடுக்கல மாமா” என்று மறுபடி அழுதாள். தெரியும் என்றேன்.

எதிர்க்கடைக் காப்பி சுட்ட கரி. கிராமபோனும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது.

பார்வதி இன்று கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பங்குனி 4, சனி

மத்தியானம் வரை மழை. இன்று ஒரு புதிய சிலந்தி! இதுவரை பார்க்காத ஜாதி. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்திருக்கிறது. வலை நடுவில் வெள்ளைத் தையல், தையல்காரன் காஜா எடுத்த மாதிரி. அரை மணி நேரம் நனைந்துகொண்டே நின்றேன். யாரிடமாவது சொல்ல வாய் துடித்தது. யாரிடம்?

கால்கள் பழக்கத்தில் காசிம் பாய் கடைக்கே போய்விட்டன. கூட்டம் இல்லை. கேட்காமலே தேத்தண்ணி வைத்தார்.

“சண்டையெல்லாம் நிப்பாட்டிட்டேன் கிராணி. தீப்பெட்டிய அடுப்புல போட்டாச்சு. பூச்சிய வெளிய விட்டுட்டுத்தான்.” எதிரில் உட்கார்ந்தார். “இன்னைக்கி என்ன பாத்தீங்க, சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல, பாய்.”

“மழையில அதுங்க எங்க வெளிய வரும்,” என்று எனக்காக அவரே வருத்தப்பட்டார். நம்பிவிட்டார்.