இருவர் சேர்ந்து எழுதிய பரிந்துரை

திண்டிவனம்,
ஜூலை 14

அன்பு நண்பன் அப்துல் ஹக்கீமுக்கு, ஆதிநாதன் எழுதுவது. இங்கு நலம். மஸ்கட் வெயிலில் உன் உடம்பும் கடையும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி எங்கள் தத்துவத் துறையின் வரலாற்றில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. இரு மூலைகளில் சுவரைப் பார்த்துக் கிடந்த மேசைகளை அறையின் நடுவே இழுத்து ஒட்டிப் போடுவது என்று துறை முழுவதும் கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது. துறை என்பது நானும் ஜெகதீசனும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

ஜெகதீசன் விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வருபவர். இங்கிலாந்துப் பக்கத்துத் தத்துவம் நடத்துகிறார். ஒரு வாக்கியம் உண்மையா என்று பார்ப்பதற்குள் அவர் ஆட்களுக்கு ஆயுள் முடிந்துவிடும். நான் ஜெர்மனி, பிரான்சு பக்கம். என் ஆட்கள் மரணம், தனிமை என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவார்கள். நாங்கள் பேசுவது பனிமூட்டம் என்பது அவர் கட்சி. வீடு பற்றி எரியும்போது அவர்கள் பூட்டைச் சோதிக்கிறார்கள் என்பது என் கட்சி. பத்தொன்பது வருடம் இதைக்கூட நேரில் சொல்லிக்கொள்ளாமல் மாணவர்கள் வழியாகவே சொல்லி அனுப்பினோம்.

மேசைகளைச் சேர்க்க வைத்தவள் உன் மகள் அர்ஷியா. கோட்டக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, இருவர் வகுப்பிலும் முன் பெஞ்சில் உட்கார்ந்து எம்.ஏ. முடித்தவள். இந்த இரண்டு கூட்டமும் நூறு வருடமாக ஒருவரையொருவர் படிக்காதது ஏன், படிக்க வைப்பது எப்படி என்பதுதான் அவள் சென்னையில் ஆராய்ச்சி செய்ய விரும்பிய பொருள். “மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசுங்க சார். இங்கயே முடியலன்னா ஐரோப்பாவுல எப்படி முடியும்?” என்று கேட்டாள். எழுந்து போய் ஆளுக்கொரு பக்கம் மேசையைத் தூக்கினோம்.

ஹக்கீம், நீ நான்கு முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. போனில் சொல்லக்கூடியதாக இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.

அவள் விண்ணப்பத்துக்கு இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். தனித்தனியாக, ஆளுக்கு ஒரு பக்கம். அதை ஒரே கடிதமாகச் சேர்ந்து எழுதலாம் என்பது முழுக்க எங்கள் சொந்த யோசனை. புதிய ஒற்றுமைக்கு அது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தோம்.

‘அர்ஷியா சுயமாகச் சிந்திப்பவள்’ என்று தொடங்கினேன். ஜெகதீசன் ஆதாரம் கேட்டார். அவள் விடியலில் கிளம்புவதையும் பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பதையும் எழுதினேன். “இது பஸ் கதைங்க, வாதம் இல்ல” என்றார். மனிதன் வாதத்திலா வாழ்கிறான் என்று கேட்டேன். அன்று அவர் டீயை ஆறவிட்டுப் பேசினார். மறுநாள் நான். மூன்று வாரம் முதல் வாக்கியத்திலேயே இருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அர்ஷியா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். “பேசிக்கினு இருங்க சார், ஆனா ஜல்தி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான இம்மாதம் பத்தாம் தேதி காலையில் நான் ஜெகதீசனிடம் தோற்றேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் கூடாது என்று எனக்கே தோன்றிவிட்டது. அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. முந்தின நாள் ரயிலில் யோசித்து அவர் என் பக்கம் வந்திருந்தார். பஸ் கதைதான் ஆதாரம் என்றார். கூடாது என்றேன். பழையபடி ஆரம்பித்தோம், இடம் மாறி. அவர் தன் ரயிலை முதல்முறையாகத் தவறவிட்டார். விண்ணப்ப இணையதளம் ஐந்து மணிக்கு மூடிவிட்டது. கடிதம் முடியாமலே பதினேழு பக்கம் வந்திருந்தது.

உன் மகள் எங்களைத் திட்டவில்லை. “பரவால்ல சார்” என்றாள். திட்டியிருக்கலாம்.

இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டுவிடுவேன், கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீ சொல்லியிருந்தாய். நீ சொன்ன சொல்லில் நிற்பவன். ஹாஸ்டலில் என்னோடு மூன்று வருடம் இருந்த உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், அவளுக்கு இன்னும் ஒரு வருடம் கொடு. அடுத்த முறை தனித்தனியாக எழுதுவோம் என்று ஜெகதீசனும் சத்தியம் செய்கிறார். தவறு முழுவதும் எங்களுடையது. இதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ஹாஜிரா தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். உன் வீட்டில் எல்லோரும் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும்.

உன்,
ஆதிநாதன்

பின்குறிப்பு: அர்ஷியா நேற்று கல்லூரிக்கு வந்தாள். எடுத்திருந்த ஏழு புத்தகங்களையும் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.