யெஸ் மேடம், தேங்க் யூ மேடம்

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பூமிகாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். ஊரையே சிரிக்க வைக்கிறவளுக்கு அதைத் தனியாக வேண்டிக்கொள்ளவேண்டுமா என்று கேட்காதே, வேண்டும். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காதை என் பக்கமே வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு மேரி அக்காவின் மகள் புதன்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறாள், அவள் கையில் இதையும் கொஞ்சம் வடாமும் இறால் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், அவள் பெட்டி நாறினால் அடுத்த தடவை வாங்கமாட்டாள்.

அப்பா இன்னும் சிப்காட்டில்தான் வெல்டிங் சூப்பர்வைசராகப் போய்வருகிறார். மூன்று வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் உழைத்தது போதாதா, வீட்டில் இருங்கள் என்றால் கேட்பதில்லை. நீயும் அவர் மாதிரிதான், சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. பேங்க் வேலையை விட்டுவிட்டு மேடையேறி ஜோக் சொல்லப் போகிறேன் என்றபோதே அவர் முகம் சுருங்கிவிட்டது. காலையில் பிள்ளைகளுக்கு டியூஷன், மாலையில் மேடை என்று நீ ஓடுவதை நினைத்தால் எனக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் நீ மேடையில் அவரைப் பற்றிப் பேசிய அந்த வீடியோ வந்த பிறகு அவர் ஐந்து மாதமாக உன்னோடு பேசாமல் இருக்கிறாரே, அதுதான் என்னை அரிக்கிறது. அதில் நீ அவரைப் போலவே தோளைக் குறுக்கி நின்றாய். ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிட்ட அன்று உன் டீச்சர் இருபது நிமிடம் இங்கிலீஷில் பேச, அவர் யெஸ் மேடம், தேங்க் யூ மேடம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை, கிட்னியைக் கேட்டிருந்தாலும் தேங்க் யூ மேடம்தான் என்றாய். "கணக்கில் பெயிலான என்னிடம் வெளியே வந்து, 'நல்லா படிக்கிறியாம்' என்று சொன்னார், அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது" என்று முடித்தாய். நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அவர் கடைசிவரை பார்த்துவிட்டு பைக்கைத் துடைக்கப் போனார். துடைத்த பைக்கையே அரைமணி நேரம் துடைத்தார். இருப்பதே ஒரு பெண், அவளும் அப்பாவும் இப்படியே விட்டுப்போய்விடுவார்களோ என்று எனக்கு ஒரே பயம்.

இனி நான் சொல்ல வந்தது. போன வெள்ளிக்கிழமை பழவேற்காட்டில் என் தம்பி மகள் கவிப்பிரியாவுக்கு வளைகாப்பு. வளையல் போட்டு, சந்தனம் தடவி எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பந்திக்கு இலை போடுவதற்குள் அதே தம்பி, உன் குப்புராஜ் மாமா, சும்மா இருக்கமாட்டாமல் உன் வீடியோவை டிவியில் போட்டுவிட்டார். கூட்டம் முழுக்கச் சிரிக்கிறது, மாமா வேறு, "இன்னா மச்சான், அத்தினி வருசம் அங்க இருந்துகினு இங்கிலீஷ் வரலியா உனக்கு?" என்று கேட்டுவிட்டார். அப்பா எழுந்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்து நான் செருப்பைத் தேடப் போனேன். அவர் நேராக டிவி முன்னால் போய் நின்றுகொண்டு, "என் பொண்ணு கதைய தப்பா சொல்லிகினு கீது" என்றார். "அந்த டீச்சரு பேசினது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. உங்க பொண்ணு கிளாஸ்ல எல்லாரையும் சிரிக்க வெச்சிகினே கீது, ஊட்ல கண்டிச்சி வைங்கன்னாங்க. யெஸ் மேடம்னேன். மறுபடியும் அதையே சொன்னாங்க. தேங்க் யூ மேடம்னேன். நா எதுத்துப் பேசினா இன்னும் இருவது நிமிசம் பேசுவாங்கோ, நைட் ஷிப்டுக்கு யாரு போறது?" என்றார். டீச்சர் மாதிரி விரலை ஆட்டிக் காட்டினார் பார், கவிப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எங்கே அங்கேயே வலி வந்துவிடுமோ என்று அவள் மாமியார் பதறிவிட்டாள். உனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், எல்லாம் புரிந்திருந்தால் பிள்ளையை ஏன் அப்போது ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை, நன்றாகப் படிக்கிறாய் என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பதில் சொன்னார். "கப்பலுக்குள்ள பன்னெண்டு மணி நேரம் வெந்துட்டு வருவேன். ஊட்டுக்கு வந்தா அந்தக் கொயந்த எதையாச்சும் பண்ணி சிரிக்க வைக்கும். அதப் போயி கண்டிப்பாங்களா?" என்றார்.

பூமி, அவராகப் போன் செய்யமாட்டார், வீம்பு. நீ செய். இங்கே காலையில் ஆறரைக்குக் கம்பெனி வண்டிக்காக ரோட்டில் நிற்பார், அந்த நேரத்தில் செய்தால் எடுப்பார். மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். கதையைத் திருத்திச் சொல்கிறேன் என்று மட்டும் சொல். தலைக்கு எண்ணெய் வை, மேடைக்குப் போவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. நீ எடுத்த காரியம் நல்லபடியாக நடக்கட்டும், நாலு பேர் மனசு குளிர நீ நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
கங்கம்மா துளசிராமன்

பி.கு.: ஒளித்துத்தான் எழுதினேன், ஆனாலும் பார்த்துவிட்டார். முழுதும் படித்தார். இப்போது கதவருகில் வந்து நின்று, அந்த டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டுதான் பேசுவாங்க, அதையும் சேர்த்துக்கச் சொல்லு, இன்னும் நல்லா சிரிப்பாங்க என்கிறார்.