சமர்த்துக் கிணறு

பகுல்தல், அசாம்
3-2-1993

அன்புள்ள தேவுதாவுக்கு, வீட்டின் ஆஸ்தானக் குற்றவாளியான உங்கள் மகள் ஜுரி எழுதுவது.

குஜராத்தில் பருப்பில்கூடச் சர்க்கரை போடுகிறார்களாமே? இங்கே எல்லாவற்றிலும் உப்பு. அடிபம்புத் தண்ணீரே கரிக்கிறது. நேற்று மீன் தெங்காப் புளிக்குழம்பை வாயில் வைத்ததும் மா கரண்டியை ஓங்கினாள். "உண்மையைச் சொல்லுடி, குடத்துல உப்பைக் கொட்டினது நீதானே?" சத்தியமாக இந்த முறை நான் இல்லை!

உங்கள் எண்ணெய்க் கம்பெனியில் எண்ணெயோடு வரும் அழுக்குத் தண்ணீரைத் திரும்ப மண்ணுக்குள் அனுப்புகிறார்களே, நம் வீட்டுக்குப் பின்னால், அந்தக் கிணறு மடமடவென்று குடிக்கிறது. சீக்கிரமே தொண்டை அடைத்து அழுத்தம் ஏறும் என்று நீங்கள் கணக்குப் போட்டீர்கள். அழுத்தமானியின் முள் அசையவில்லை. அங்கே பம்பு ஓட்டும் ககேன் குரா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்குத்தான் சந்தேகம். நான் கமுக்கமாக இருந்தால் மா முதலில் பீங்கான் அலமாரியைப் போய்ப் பார்ப்பாள். கிணறு சமர்த்தாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்களா?

ஜுரி

குஜராத்
12-2-1993

அன்பு மகளே,

தேர்வுக்குப் படி. தம்பிக்கு அடிபம்புத் தண்ணீர் கொடுக்காதே. எப்போதிலிருந்து கரிக்கிறது? நான் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே.

கிணற்றுக்குள் போவது உப்புத் தண்ணீர்; அதில் எண்ணெய்த் துளியும் வண்டலும் உண்டு. பாறையின் நுண்துளைகளை அவை அடைத்தே தீர வேண்டும். அடைக்கவில்லை என்றால், தண்ணீர் பாறை வரை போகாமல் நடுவழியில் குழாய் விரிசலில் கசிந்து நம் பம்புக்கு வரலாம். இதை நான் எழுதினால், கணக்குப் பொய்த்த வயிற்றெரிச்சல் என்பார்கள். வாய் திறந்ததற்குத்தானே இங்கே மாற்றினார்கள்? சாயம் கலந்து அனுப்பினால் தெரிந்துவிடும். யார் அனுமதிப்பார்கள்?

உன் தேவுதா

பகுல்தல்
1-3-1993

தேவுதா,

என் மதிப்பெண்ணைப் பற்றிக்கூட நீங்கள் இவ்வளவு கேட்டதில்லை!

உங்கள் அலமாரியிலிருந்த பச்சைச் சாய டப்பாவை ககேன் குராவிடம் கொண்டுபோனேன். "கிணத்துல ஓட்டையா? அடி போடி! இது உன் பம்புல வந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்று அவரே சிரித்துக்கொண்டு கிணற்றுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார்.

முந்தாநாள் காலை அடிபம்பில் தண்ணீர் பச்சையாக வந்தது. தெருவே கூடிவிட்டது. "ஜுரி வேலை!" என்று ஒரே குரலில் தீர்ப்பு. மா என்னோடு பேசுவதில்லை. தம்பிக்காகப் பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சுமக்கிறாள். மற்ற வீடுகளில் பச்சை மங்கியதும் பழையபடி அதையே குடிக்கிறார்கள். ககேன் குரா வாயே திறக்கவில்லை.

நீங்கள் எழுதினால்தான் நம்புவார்கள்.

ஜுரி

குஜராத்
9-3-1993

ஜுரி,

என்மேல் ஆணையாகச் சொல். அதை நம் பம்பில் ஊற்றினாயா? போன வருஷம் பக்குவா ஹோலிக்குத் தலைமையாசிரியர் வீட்டுத் தொட்டியில் கலர் கலந்தவள் நீ. உன்னை நம்பி நான் மேலிடத்துக்கு எழுதி, அது உன் குறும்பாக இருந்துவிட்டால், அப்புறம் என் எந்தக் கணக்கையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தேவுதா

பகுல்தல்
16-3-1993

தேவுதா,

ஆணையெல்லாம் இட மாட்டேன். ஆயிரம் பொய்ச் சத்தியம் செய்தவள்; இதற்கும் அதே விலைதான் கிடைக்கும்.

இந்த உறைக்குள் ஒரு பொட்டலம் இருக்கிறது. தும்மாமல் பிரியுங்கள். அது ககேன் குராவின் மீசை. நேற்று நம் முற்றத்தில், மாவுக்கு முன்னால், அவரே மழித்துக்கொண்டார். "அண்ணி, புள்ளையைத் திட்டாதீங்க. கொட்டினவன் நான்தான்" என்றார். நேரே போய்க் கிணற்றுப் பம்பை நிறுத்திவிட்டார். யார் உத்தரவுமில்லை. இந்த மாதக் கடைசியில் அவரை விசாரிக்கிறார்கள். அவர் பக்கம் பேச உங்கள் கணக்கைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

மா என்னைப் பார்த்து அழுதாள். நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா?

ஜுரி

தந்தி
22-3-1993

மீசை கிடைத்தது. கிணற்றைத் திறக்கக் கூடாதென்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். விசாரணையில் நானும் நிற்பேன். ரயிலேறுகிறேன். ஜுரியிடம் மன்னிப்பு நேரில். தேவுதா.