மேபலின் படகு டிக்கெட்

டனீடன்
5 மார்ச் 2024

அன்புள்ள நைரி,

நலமா? என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எல்லாரும் இருக்கிறார்கள். போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் எனக்குத் தாங்காது, அவசியமென்றால் எழுது என்று நீ போகும்போது சொன்னாய். இத்தனை வருஷத்தில் பழைய வண்டி விற்றது, வீட்டு வரி என்று இரண்டு மூன்று கடிதம்தான் போட்டிருக்கிறேன். இது அந்த வகை இல்லை. அவசியமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேபலின் பிறந்தநாள். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வழக்கம்போலத் தோட்டத்தில் எதையாவது வெட்டிக்கொண்டு பொழுதைக் கழித்தேன். திங்கள் காலை ஆபீஸுக்குப் போனால் திரையில் ஒரு டெஸ்ட் சிவப்பாக நிற்கிறது. ஃபெட்டு எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். சமோவாத் தீவுக்காரன், போன வருஷம் சேர்ந்தவன், வேலையில் சுத்தமானவன்.

"யூவன், இந்த மேபல் சதர்லாண்ட் யாரு? உங்க வீட்டுப் பேரு மாதிரி இருக்கு," என்றான். "சிறுவர் டிக்கெட் டெஸ்ட்டு ஃபெயில் ஆயிருச்சு. பொண்ணுக்கு நேத்தோட பதினாறு முடிஞ்சிருச்சு, அரை டிக்கெட் கிடையாதுங்குது."

நீ இந்த வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது, பாதி மறந்திருப்பாய். டிக்கெட் மென்பொருளின் கோடில் நாங்கள் எதை மாற்றினாலும், அது படகுத்துறைக் கவுண்டருக்குப் போவதற்கு முன்னால் இந்த டெஸ்ட்கள் ஓடும். காலியான டேட்டாபேஸில் மாதிரி ஆட்கள் வந்து உட்காருவார்கள். தீவுக்கு டிக்கெட் வாங்குவார்கள். நிஜ வங்கிக்குப் பதிலாக ஒரு போலி வங்கி நின்று, பணம் வந்துவிட்டது என்று சொல்லும். டிக்கெட் சரியாக விழுந்ததா என்று பார்த்தவுடன் அத்தனை பேரும் அழிக்கப்படுவார்கள். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

டெஸ்ட்டில் வரும் அந்த ஆட்களை எழுதியவள் நீ. மேபலுக்கு அப்போது நாலு வயது. விளையாட்டுப் பள்ளி விட்டதும் நம் மேஜைக்குக் கீழே வந்து பழைய கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பாள். "நானும் படகுல போறேனா?" என்று ஒருநாள் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே அவள் பெயரையும் பிறந்த தேதியையும் அப்படியே போட்டாய். வங்கிக்குப் போலி வைத்தாய், வானிலை அறிக்கைக்கும் போலி வைத்தாய். இன்றைய தேதிக்கு மட்டும் வைக்கவில்லை. அதை நிஜக் கடிகாரத்திடமே கேட்கும்படி விட்டுவிட்டாய். அதனால் அங்கே அவள் வருஷா வருஷம் வளர்ந்திருக்கிறாள்.

ஃபெட்டு இரண்டு வழி சொன்னான். "பிறந்த வருஷத்தத் தள்ளிப் போட்டுரலாம். இல்லன்னா தேதிக்கும் ஒரு போலி வச்சிரலாம். அது எப்பவும் 2012-ன்னே சொல்லும், பொண்ணு நாலு வயசாவே இருப்பா." நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தொடாதே என்று சொல்லிவிட்டேன். இன்னும் தொடவில்லை.

என்ன செய்யட்டும்?

நீ வைத்த குவின்ஸ் மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பறிக்கத்தான் ஆளில்லை.

அன்புடன்,
யூவன்


கிஸ்போர்ன்
12 மார்ச்

யூவனுக்கு,

தேதியை மாற்று. ஒரு வரி வேலை. இதற்கு என்னை எதற்குக் கேட்கிறாய்?

இந்த இரண்டு வரியோடு உறையை ஒட்டி, பஸ்ஸில் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு காலைச் சுற்றுக்குப் போனேன். (பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். டோரீன் அக்கா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.) பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது உறையைக் கிழித்துவிட்டேன். அதனால் தொடர்கிறேன்.

அவள் பெயர் அங்கே இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் வேலையை விட்ட அன்று, மேபல் பேரை எடுத்துவிடட்டுமா என்று நீதான் கேட்டாய். எடுத்துவிடு என்றேன். மறுநாள் எடுத்தாயிற்று என்றாய். நான் நம்பினேன். எந்த ஊர்க் கணினியிலும் அவளை இனி யாரும் தினம் தினம் உண்டாக்கி அழிக்கமாட்டார்கள் என்பதே எனக்கு அன்றைக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. இத்தனை வருஷமாக அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது, நீ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்து மறுநாள் மதியத்துக்குள் அவள் போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். உன்னையும் நான் அதற்காக ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. ஆனால் அடக்கம் முடிந்த கையோடு நீ ஆபீஸுக்குப் போனாய். வீடு நிறைய ஆட்கள். அக்கா அடுக்களையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். "உன் புருஷன் எங்கடி?" என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷமே நான் உன்னை விட்டுவிட்டேன், யூவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் ஒரு வருஷம் பிடித்தது.

குவின்ஸைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்காவது கொடு. அழுகவிடாதே.

நைரி


டனீடன்
19 மார்ச்

அன்புள்ள நைரி,

எடுத்தாயிற்று என்று சொன்னது பொய்தான். எடுக்க உட்கார்ந்தேன், முடியவில்லை. உன்னிடம் வந்து முடியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்று ஆபீஸில் என்ன செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. மேபலின் அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் தனியாக ஓட்டினேன். கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம். அழிக்கிற வரி வருவதற்கு முன்னால் நடுவில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஆள். மேபல் சதர்லாண்ட், வயது ஆறு, சிறுவர் டிக்கெட், ஜன்னலோர இருக்கை. அதை மேலே ஓடவிட்டால் அழிந்துவிடும். அதனால் விடாமல் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன்.

வீட்டில் வாசலில் அவள் மழைச் செருப்பு கிடந்தது. அரைகுறையாகச் சாப்பிட்ட ஆப்பிள் கூட இருந்தது. எல்லாம் முடிந்துபோன சாமான்கள். இங்கே மட்டும் அவள் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் கல் என்று உங்கள் வீட்டார் நினைத்தார்கள். நீயும் நினைத்தாய். நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

இங்கே எனக்கு நெருக்கடி முற்றுகிறது. டெஸ்ட் சிவப்பாக நிற்கும்வரை எதுவும் வெளியே போகாது. குளிர்காலப் படகு நேரங்கள் அப்படியே தேங்கிக் கிடக்கின்றன. எங்கள் மேனேஜர் பெவர்லி நேற்று என் மேஜைக்கு வந்து நின்றுகொண்டு, "ஒரு வரி மாத்த எத்தனை நாளு யூவன்? படகுத்துறையில இருக்கறவங்க என்னத் திட்றாங்க," என்றாள். நான் பதில் சொல்லுமுன் ஃபெட்டு குறுக்கே வந்து, தன்னால்தான் தாமதம் என்று சொல்லிவிட்டான். யாரோ அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மதியம் இரண்டு சீஸ் ரோல் வாங்கிவந்து ஒன்றை என் பக்கம் தள்ளினான். "யாருன்னு கேட்டேன் பாருங்க. கேட்டிருக்கக் கூடாது," என்றான்.

ஈஸ்டருக்கு நான்கு நாள் லீவு வருகிறது. நான் அங்கே வரட்டுமா? உன் வீட்டில் தங்கமாட்டேன். கடற்கரை ஓரமாக அரை நாள் நடந்தால் போதும். நீ சரி என்று ஒரு வரி எழுதினால் விமானத்துக்குப் பதிந்துவிடுவேன்.

அன்புடன்,
யூவன்


கிஸ்போர்ன்
3 ஏப்ரல்

அன்புள்ள யூவன்,

ஈஸ்டர் போய்விட்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன். கோபத்தில் இல்லை. நீ வந்திருந்தால் நான் உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கமாட்டேன், அது யாருக்கும் நல்லதில்லை.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திவைத்துப் படித்தேன். மணி அடித்துப் பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சின்னப் பையன் நின்று, "டிரைவர் ஆன்ட்டி, ஜலதோஷமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை நீ சொல்லியிருந்தால், மறுநாள் நானும் வந்து உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். நீ தனியாக அங்கே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் தனியாக இங்கே அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்து என்ன செய்ய? உன்னைக் கல் என்று நினைத்ததற்கு மன்னித்துக்கொள். அதைத் தவிர என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

டெஸ்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். தேதியை மாற்று என்று முதலில் எழுதினேன் அல்லவா, அதை விட்டுவிடு. பதினாறு வயது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பஸ்ஸின் கடைசி வரிசை முழுக்க அவர்கள்தான். ஏகத்துக்குச் செண்ட் அடித்துக்கொண்டு ஏறுவார்கள். ஒருத்தி, அனஹேரா என்று பெயர், நான் எந்தப் பாட்டைப் போட்டாலும் "மிஸ், இதெல்லாம் எங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது," என்பாள். போன வாரம் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு வழி முழுக்க அழுதபடி வந்தாள். இறங்கும்போது மட்டும் மறக்காமல் தேங்க்ஸ் மிஸ் என்றாள். நம்முடையவளும் இந்த வருஷம் அப்படித்தான் இருந்திருப்பாள். உன்னிடம் ஒருவேளை பேசவே மாட்டாள்.

அதனால் அவளை மறுபடி நாலு வயதில் பிடித்துக் கட்டிப்போடாதே. தேதிக்குப் போலி வைக்காதே. டெஸ்ட் சரியாகத்தான் சொல்கிறது. அரை டிக்கெட்டுக்கு வேறு குழந்தையைப் போடு. அவளிடம் முழு டிக்கெட் வாங்கு.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். ரெவி என்று ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷமாக. மனைவியை இழந்தவர், ஊருக்கு வெளியே மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறார். "அந்த ஆளுக்கு நீயே எழுது, வேற யார் வாயாலயும் அவருக்கு இது தெரியக் கூடாது," என்று பிப்ரவரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் உன் முதல் கடிதம் வந்தது. நம் கல்யாணத்தைச் சட்டப்படி முடித்துக்கொள்ள வேண்டும். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் யாரும் கோர்ட் ஏற வேண்டாமாம். காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவசரமில்லை. ஆனால் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ.

நைரி


டனீடன்
24 ஜூன்

அன்புள்ள நைரி,

காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவசரமில்லை என்று நீ எழுதியதை நான் அளவுக்குமேல் நம்பிவிட்டேன். ரெவியிடம் என் வணக்கத்தைச் சொல். அவர் உன்னை எழுதவைத்தது சரியான காரியம்.

நீ சொன்னபடியே செய்தேன். சிறுவர் டிக்கெட்டுக்கு ஃபெட்டு ஒரு புதுப் பெயரை யோசித்துப் போட்டான். மேபலைப் பெரியவர்கள் டெஸ்ட்டுக்கு மாற்றினேன். முழுக் கட்டணம், பிறந்த தேதி அதேதான், கடிகாரமும் நிஜக் கடிகாரம். பச்சை விழுந்தது. ஃபெட்டு எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே அறுபத்தஞ்சு வயசுல முதியோர் சலுகை வர்றப்பதான் இது ஃபெயில் ஆகும். அப்ப நாம ரெண்டு பேரும் இருக்கமாட்டோம்," என்றான். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. அன்று மாலையே குளிர்கால நேரங்கள் கவுண்டருக்குப் போயின.

அது நிலைக்கவில்லை. மே கடைசியில் எங்கள் நிறுவனத்தை ஆக்லாந்துக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய முதல் விதிகளில் ஒன்று, நிஜ மனிதர் யாருடைய பெயரும் பிறந்த தேதியும் மாதிரித் தரவில் இருக்கக் கூடாது. நியாயமான விதி, வெளியிலிருந்து கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். பெவர்லிக்கு இப்போது விஷயம் தெரியும். "அவ பேரு இருக்கட்டும்னு நான் வேணா கேட்டுப் பாக்குறேன்," என்றாள். வேண்டாம் என்றேன். ஆக்லாந்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்கு மேபல் யார் என்று விளக்கி ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கும். என்னால் முடியாது. ஃபெட்டு தானே எடுத்துவிடுவதாகச் சொன்னான். அதற்கும் வேண்டாமென்றேன்.

போன வியாழக்கிழமை அதைக் கடைசியாக ஒருமுறை ஓட்டினேன். நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும் அவள் இருந்த வரியை எடுத்தேன். இப்போது அந்த இடத்தில் வருவதெல்லாம் எந்திரம் தானாகப் பொறுக்கிப் போடும் பெயர்கள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ ஏறிப் போகிறார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே துறைக்குப் போனேன். இத்தனை வருஷம் அந்தப் படகுக்கு டிக்கெட் எழுதியும் நாம் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை, கவனித்தாயா? வெயில் காலம் வரட்டும், இவள் கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது, படகு போகுமா என்று சந்தேகமாகச் சொன்னார்கள். காத்திருந்தேன். கடைசியில் போகும் என்று கவுண்டரைத் திறந்தார்கள். அங்கிருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தன பேரு?"

"ஒருத்தர்," என்றேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

யூவன்