வேதா அக்கா போன கோடை

மே 4, 1959. திங்கள்.

வெயில். காவிரியில் மணல்தான். ஸ்ரீரங்கம் பாலத்திலிருந்து பார்த்தால் கண் கூசுகிறது.

விடுமுறைக்குள் முடிக்க வேண்டியவை: விலங்கியலுக்குப் பூச்சிப் பெட்டி. ரெக்கார்டு நோட்டில் தவளைப் படங்கள். மெடிக்கல் காலேஜ் விண்ணப்பம். ஒன்றும் தொடங்கவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடியில் பட்டாம்பூச்சி வேட்டை. கூட வேதா அக்கா. அத்திம்பேரை நாக்பூரில் விட்டுவிட்டுப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எழுந்து ஓட முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம். "இந்தப் பக்கம்டி, மக்கு! துளசி மேலே பார்!" ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி, ஒரு தும்பி. மருந்து நனைத்த பஞ்சு போட்ட பாட்டிலுக்குள் விட்டதும் அடங்கிவிட்டன. அம்மா பார்த்துவிட்டாள்.

"வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கற ஆத்துலே உசிரைக் கொல்லுவாளா?"

"அவ டாக்டராகப் போறவம்மா. நாலு பூச்சிக்கே கை நடுங்கினா எப்படி?" என்றாள் அக்கா.

அம்மா சிரிக்கவில்லை.

மே 9, சனி.

காலையில் ஸ்டெல்லாவோடு தெப்பக்குளம் பக்கம் போய் ஃபோட்டோ. ஸ்டெல்லா என் வகுப்பு. பாலக்கரையில் வீடு. அவள் விண்ணப்பம் போடவில்லை. "எனக்கு டீச்சர் வேலை போதும்டி. ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும்." ஃபோட்டோவில் நான் திருடி மாதிரி இருக்கிறேன்.

அப்பா விண்ணப்பத்தைக் கணக்குப் பேப்பர் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். "போட்டு வை. கிடைச்சா அப்போ பாத்துக்கலாம்."

"கிடைச்சா பாக்கறது என்னப்பா? கிடைச்சா அனுப்பணும்." அக்காவின் குரல் உள்ளேயிருந்து. அக்காவை எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்திலேயே முதலாவது அவள். அப்பா மேல்துண்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

தபால் பெட்டிவரை நானும் வருவேன் என்று அக்கா பிடிவாதம். மெல்ல மெல்ல நடந்து வந்தாள். உறை உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் திரும்பினாள்.

மே 17, ஞாயிறு.

புழுக்கம். விசிறி கையை விட்டு இறங்கவில்லை. தவளையின் ரத்த ஓட்டம் வரைந்தேன். சிவப்புப் பென்சில் தீர்ந்தது.

அக்காவுக்குக் கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. தலைவலி என்றும் சொல்கிறாள். பிரசவம் பார்க்கிற அம்மாள் வந்து, "தலைப் பிரசவத்துக்கு இதெல்லாம் சகஜங்க. உப்பைக் குறைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் புத்தகத்தைப் புரட்டினேன். தவளைக்கு எல்லாம் இருக்கிறது. மனுஷிக்குக் கால் வீங்குவது பற்றி ஒரு வரி இல்லை.

மே 24, ஞாயிறு.

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வியாழன் காலை. அக்கா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "பத்மா, கண்ணு மங்கறாப்லே இருக்குடி." டம்ளர் உருண்டது. வலிப்பு. பக்கத்து வீட்டு வக்கீலின் காரில் திருச்சிக்குக் கிளம்பினோம். பாலம் முழுக்க மாட்டு வண்டிகள். அவள் தலை என் மடியில். பல்லிடுக்கில் என் முந்தானையைத் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

மத்தியானம் பெண் குழந்தை. சாயங்காலம் அக்கா இல்லை.

டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னார்: "ரத்த அழுத்தம் ரொம்ப ஏறிப்போச்சுங்க. கால் வீங்கினப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்."

அப்பா தலையாட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூன் 4, வியாழன்.

பதிமூன்றாம் நாள் காரியமும் ஆயிற்று. அத்தையையும் அத்திம்பேரின் அம்மாவையும் தவிர உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். அத்திம்பேர் நேற்று நாக்பூர் திரும்பினார். குழந்தையைத் தூக்கத் தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றார்.

குழந்தைக்குப் பவுடர் பால். பாலாடையில் புகட்டுவது என் வேலை. அம்மா புகட்டினால் துப்புகிறது. நான் புகட்டினால் குடிக்கிறது. இதைப் பார்த்துத்தான் கூடத்தில் பேச்சு. என் அத்தை ஆரம்பித்தாள், அத்திம்பேரின் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பத்மா இருக்காளே. வெளியிலே எதுக்குத் தேடணும்?"

"அதைத்தான் நானும் நினைச்சேன். குழந்தைக்கும் மாத்தாந்தாய்ன்னு தோணாது."

நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

பூச்சிப் பெட்டியில் எறும்பு. இறக்கைகள் மட்டும் மிச்சம். மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். பாட்டிலை எடுத்ததும் அம்மா கேட்டாள்: "இன்னுமாடி?"

வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி.

காற்று தொடங்கிவிட்டது. துணி காய்ந்ததும் பறக்கிறது.

சென்னையில் இன்டர்வியூ. கார்டு வந்திருக்கிறது. அம்மா அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "குழந்தை உன் மடியிலேதான் தூங்கறது."

அப்பா வெகுநேரம் கழித்து, "கூப்பிட்டிருக்கா. போகாம இருந்தா மரியாதையில்லே" என்றார்.

செத்துக்கிடந்த வண்டுகளையும் சிலந்தி வலையில் சிக்கியதையும் மட்டும் பெட்டிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டிலைத் தொடுவதில்லை.

ஜூன் 20, சனி.

இன்டர்வியூ ஆயிற்று. நீள மேஜை. எல்லாம் இங்கிலீஷில். தவளையின் இதயத்தில் எத்தனை அறை? சொன்னேன். டாக்டராக வேண்டும் என்று ஏன் தோன்றியது? சேவை, கிராமம், பெண்கள் என்று போன மாதம் அக்கா எனக்கு உருப்போட்டுக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அக்காவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளைச் சொல்லி இடம் வாங்க மனம் வரவில்லை.

கடைசியாக ஒருவர்: கல்யாணம் செய்துகொண்டு பாதியில் போய்விட்டால் சர்க்கார் செலவெல்லாம் வீண்தானே?

போக மாட்டேன் என்றேன். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 29, திங்கள்.

காலேஜ் திறந்துவிட்டது. பூச்சிப் பெட்டி கொடுத்தாயிற்று. கால் ஒடிந்தவை, இறக்கை கிழிந்தவை. மேடம் பார்த்தார்கள், என் முகத்தையும் பார்த்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஸ்டெல்லா சொல்லியிருப்பாள்.

பஸ்ஸில் திரும்பும்போது குழந்தை பசித்து அழுமே என்று திருவானைக்காவல் தாண்டுவதற்குள் ஒரே பதைப்பு. எனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது?

ஜூலை 9, வியாழன்.

இடம் கிடைத்திருக்கிறது.

அப்பா இரண்டு முறை படித்துவிட்டுப் பெருமாள் படத்தின் அடியில் வைத்தார். அம்மா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

அத்திம்பேரும் அவர் அம்மாவும் முந்தாநாளே வந்திருக்கிறார்கள், பேசி முடிக்க. மாடிக்கு நான் துணி எடுக்கப் போனபோது அத்திம்பேர் வந்தார். தள்ளியே நின்றார்.

"பத்மா, உன்னை யாரும் நேராக் கேக்கலே. நான் கேக்கறேன். உனக்கு இஷ்டமா?"

"படிக்கணும் அத்திம்பேர்."

"வேதாவும் அதையேதான் எழுதிண்டிருந்தா. ஒவ்வொரு கடிதாசிலேயும் உன் படிப்புதான்." கொடியிலிருந்து நழுவிய துண்டை எடுத்துப் போட்டார். "கோவிச்சுக்க மாட்டேன். ஆனா குழந்தையை இங்கே விட எங்கம்மா சம்மதிக்க மாட்டா. கும்பகோணத்துலே ஒரு இடம் சொல்றா. ஆவணியிலே முகூர்த்தம் வச்சுடுவா."

"குழந்தையை இங்கே அழைச்சுண்டு வருவேளா?"

"பாக்கறேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

கீழே வந்து அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, புதன்.

மேகம் மூடியிருந்தது. மழை இல்லை. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதாம். தெருவே பார்க்கப் போயிருந்தது.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன். குழந்தையைக் கொடுக்கும்போது அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தோளில் போட்டுத் தட்டணும். இடது பக்கம்தான் தூங்கும். வசம்பு மறக்கக் கூடாது. அத்திம்பேரின் அம்மா எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றாள். வண்டி நகர்ந்த பிறகும் அம்மா ஜன்னலோடு நடந்துகொண்டே ஏதோ சொன்னாள். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். நான் பிளாட்பாரத்துத் தூண் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக அடுக்களைக்குப் போய் வெந்நீர் வைத்தாள். பவுடரைக் கரைத்தாள். ஆற்றி, புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். அப்புறம்தான் நினைவு வந்தது. அப்படியே நின்றாள். பிறகு அதில் சர்க்கரையைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"குடி. மெட்ராஸ்லே யாரு தரப்போறா?"

ஒரு வாரத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு. குடித்தேன். அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் போய் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் திங்கட்கிழமை ரயிலேற என்னால் முடியாது.